கடைசி ஐந்து மீட்டர் குழாய்

மேல்மாடிக் குளியலறை ஷவரில் தண்ணீர் நூல் நூலாகத்தான் விழும். வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்தே அப்படித்தான். தொட்டியை உயர்த்துங்கள், இல்லையென்றால் பிரஷர் பம்ப் வையுங்கள் என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு இரண்டிலும் மனம் ஒப்பவில்லை. தொட்டியை உயர்த்தினால் அதைத் தாங்கும் தூண்களையும் தொட வேண்டியிருக்கும். பம்ப் வைத்தால் மின்சாரம் நின்ற நேரத்தில் குளியலும் நின்றுவிடும். குழாயின் உள்ளேயே ஏதாவது வழி கிடைக்கிறதா பார்ப்போம் என்று நானும் தம்பியும் சில விடுமுறை நாட்களை இதற்காக ஒதுக்கினோம்.

தொட்டி அதே இடத்தில், அதே உயரத்தில்தான் இருக்கிறது. பத்து லிட்டர் வாளி நிறைய 78 விநாடி ஆன இடத்தில் இப்போது 27 விநாடி ஆகிறது. இடையில் ஒரு வேலையை வீணாகவும் செய்தேன். அதையும் சேர்த்தே எழுதுகிறேன். இதே குறை உள்ள வீடுகளில் முதலில் கை வைப்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

எதையும் கழற்றுவதற்கு முன் இரண்டு அளவுகளை எடுத்தேன். முதலாவது உயரம். கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் தெளிவான பிளாஸ்டிக் குழாயைக் கொண்டு, தொட்டியின் நீர்மட்டத்திலிருந்து ஷவர் குழாயின் வாய் வரை உள்ள உயரத்தை அளந்தேன். தொட்டி நிறைந்திருக்கும்போது 2.2 மீட்டர். பத்து மீட்டர் உயர நீர் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் தரும் என்பதால், எங்கள் ஷவருக்குக் கிடைப்பது வெறும் 0.22 பார். இரண்டாவது, வாளிக் கணக்கு. ஷவர் தலையைக் கழற்றிவிட்டு, வெறும் குழாயிலிருந்து பத்து லிட்டர் பிடிக்க எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்தேன். தொட்டி நிறைந்த நிலையில் மூன்று முறை பிடித்துச் சராசரி எடுத்ததில் 78 விநாடி, அதாவது நிமிடத்துக்கு 7.7 லிட்டர். ஷவர் தலையை மாட்டிப் பிடித்தால் 105 விநாடி.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. பெரிய குழாய் போட்டால் அழுத்தம் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். குழாய் மூடியிருக்கும்போது அழுத்தத்தை முடிவு செய்வது உயரம் மட்டும்தான். அரை அங்குலக் குழாயானாலும் ஆறு அங்குலக் குழாயானாலும் 2.2 மீட்டர் என்பது 2.2 மீட்டர்தான். தண்ணீர் ஓடத் தொடங்கியதும் கதை மாறுகிறது. ஓடும் தண்ணீர் குழாய்ச் சுவரில் உராய்கிறது, ஒவ்வொரு வளைவிலும் சுழல்கிறது, வால்வின் இடுக்கில் நெரிபடுகிறது. இவை ஒவ்வொன்றும் அந்த 2.2 மீட்டரில் ஒரு பங்கைச் செலவழிக்கின்றன. செலவெல்லாம் சேர்ந்து சரியாக 2.2 மீட்டரை எட்டும் வேகம் எதுவோ, அந்த வேகத்தில்தான் தண்ணீர் ஓடும். ஆகவே என் முன் இருந்த கேள்வி ஒன்றுதான்: அந்த 2.2 மீட்டர் எங்கே செலவாகிறது?

பழைய இணைப்பு இப்படி இருந்தது. தொட்டியிலிருந்து முக்கால் அங்குல சிபிவிசி (வெந்நீரையும் தாங்கும் பிளாஸ்டிக்) குழாய் 11 மீட்டர் ஓடி, குளியலறையின் வெளிச்சுவரில் ஒரு டீயில், அதாவது T வடிவ மூவழி இணைப்பில், முடிகிறது. அதில் எட்டு எல்போ (குழாயைத் திருப்பும் வளைவு இணைப்பு), தொட்டியின் அருகே பழைய திருகு வால்வு ஒன்று. அந்த டீக்குச் சற்று முன்னால் பக்கத்துக் குளியலறைக்கு ஒரு கிளை பிரிகிறது; டீயிலிருந்து எங்கள் வாஷ் பேசினுக்கு ஒரு கிளை, ஷவருக்கு ஒரு கிளை. ஷவர் கிளை மட்டும் அரை அங்குலத்தில் ஐந்து மீட்டர். ஐந்து எல்போக்களுடன் சுவருக்குள் சுற்றி வந்து, டைல்ஸுக்குப் பின்னால் பதித்த ஸ்டாப் காக் என்ற அடைப்பு வால்வு வழியாக மேலே ஏறுகிறது.

முதலில் நான் செய்தது, தொட்டியின் வாயைப் பெரிதாக்கியது. தண்ணீர் புறப்படும் இடம் குறுகலாக இருந்தால் பின்னால் எப்படி வரும் என்று தோன்றியது. தொட்டியைக் காலி செய்து, முக்கால் அங்குல இணைப்பைக் கழற்றி, துளையைப் பெரிதாக்கி, ஒன்றரை அங்குல இணைப்பை மாட்டினேன். ஒரு நாள் முழுவதும் போனது. தொட்டி நிறைந்ததும் வாளியை வைத்தேன்: 77 விநாடி. கைக்கடிகாரத்தை அழுத்துவதில் ஏற்படும் பிழையே ஒரு விநாடி இருக்கும். எதுவும் மாறவில்லை என்றுதான் பொருள்.

அன்று இரவு யோசித்தபோது, அளக்காமல் கை வைத்ததுதான் தவறு என்று புரிந்தது. வாசலை அகலப்படுத்திவிட்டேன், நெரிசல் வேறு எங்கோ இருக்கிறது.

மறுநாள் செய்த சோதனையைத்தான் இந்த வேலையிலேயே மிகவும் பயனுள்ளது என்று சொல்வேன். வாஷ் பேசினுக்கு அடியில் இருக்கும் ஆங்கிள் வால்விலிருந்து இணைப்பைக் கழற்றி, அதே தெளிவான மட்டக் குழாயைக் கிளாம்ப் போட்டு மாட்டினேன். குழாயின் மறுமுனையைக் காற்றுச் சன்னல் வழியாக வெளியே எடுத்து, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேலே ஒரு கம்பில் நிமிர்த்திக் கட்டினேன். எல்லாவற்றையும் மூடியிருந்தபோது, அந்தக் குழாய்க்குள் தண்ணீர் ஏறித் தொட்டியின் நீர்மட்டத்துக்குச் சரியாக நின்றது. அந்த இடத்தில் கறுப்பு மையால் கோடு போட்டேன். "ஷவரைத் திறக்கலாம்" என்று கீழே குரல் கொடுத்தேன். "திறந்துவிட்டேன் அண்ணா" என்றான் தம்பி. குழாயில் தண்ணீர் மெல்ல இறங்கி, இரண்டு மூன்று முறை ஆடி, ஓரிடத்தில் நின்றது. கோட்டிலிருந்து அளந்தேன். 48 சென்டிமீட்டர்.

பேசின் கிளையில் தண்ணீர் ஓடவில்லை. அது டீயில் உள்ள அழுத்தத்தை மட்டும் காட்டுகிறது. ஆக, தொட்டியிலிருந்து டீ வரையிலான 11 மீட்டர் குழாயும் எட்டு எல்போவும் பழைய வால்வும் சேர்ந்து விழுங்கியது அரை மீட்டர்கூட இல்லை. மீதி 1.7 மீட்டருக்கும் மேல், ஷவருக்குப் போகும் கடைசி ஐந்து மீட்டரில் போகிறது. நான்கில் மூன்று பங்குக்கும் அதிகம்! ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாய் இதைக் கண்ணெதிரே காட்டியது. எங்கே உடைப்பது என்று தெரியாமல் தவிக்கும் எவருக்கும் இந்தச் சோதனையைத்தான் முதலில் செய்யச் சொல்வேன்.

இனிக் கணக்கு. பிரான்ஸின் திஜோன் நகருக்குக் குடிநீர் கொண்டுவந்த பொறியாளர் ஹென்றி டார்சி, ஜெர்மனியின் யூலியஸ் வைஸ்பாக் ஆகிய இருவர் பெயரையும் தாங்கிய சமன்பாடு ஒன்று இருக்கிறது. குழாயில் ஏற்படும் இழப்பு நீளத்துக்கும் வேகத்தின் இருமடிக்கும் நேர்விகிதம், விட்டத்துக்கு எதிர்விகிதம் என்பது அதன் சாரம். வேகமும் விட்டத்தைப் பொறுத்ததுதானே? ஒரே அளவு தண்ணீர் சின்ன வட்டத்துக்குள் போக வேண்டுமானால் வேகம் விட்டத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் ஏறும். அதை மறுபடியும் இருமடியாக்கினால் நான்காம் அடுக்கு. அதோடு இன்னொரு விட்டம் சேர்ந்தால் ஐந்தாம் அடுக்கு. ஆகவே ஒரே அளவு தண்ணீர் ஓடும்போது விட்டத்தை இரட்டித்தால் உராய்வு இழப்பு ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்காகக் குறையும். தேன்போல மெதுவாக, அடுக்கடுக்காக ஓடும் வரிச்சீர் ஓட்டத்துக்கு இது பொருந்தாது. வீட்டுக் குழாயில் அந்த ஓட்டம் அபூர்வம். 1883-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் சாயம் விட்டுக் காட்டியதுபோல, வேகம் ஒரு எல்லையைத் தாண்டினால் நீர் கலங்கிச் சுழல ஆரம்பிக்கிறது. வேகம், விட்டம், நீரின் பாகுத்தன்மை மூன்றையும் சேர்த்து அந்த எல்லையைச் சொல்வது ரெனால்ட்ஸ் எண்; அது ஏறத்தாழ 2,000 வரைதான் வரிச்சீர் ஓட்டம். எங்கள் அரை அங்குலக் குழாயில் அந்த எண் 14,000-க்குப் பக்கத்தில் வந்தது.

வால்வு, எல்போ ஆகியவற்றின் தடையைச் சொல்ல ஒரு வசதியான வழி, அவை ஒவ்வொன்றும் எத்தனை நீளக் குழாய்க்குச் சமம் என்று கணக்கிடுவது. 90 பாகை எல்போ அதன் விட்டத்தைப்போல் 30 மடங்கு நீளக் குழாய்க்குச் சமம். டீயில் நேராகப் போனால் 20, பக்கத்தில் திரும்பினால் 60. துளையிட்ட உருண்டையைத் திருப்பித் திறக்கும் பால் வால்வு, துளை குழாய் அளவுக்கே இருக்கும் முழுத்துளை வகையானால், வெறும் 3. முழுதாகத் திறந்த கேட் வால்வு 8. தண்ணீரை மேலும் கீழுமாக மடித்துவிடும் குளோப் வகைத் திருகு வால்வோ 340! அரை அங்குல அளவில் 340 மடங்கு என்றால் நான்கு மீட்டருக்கும் மேல். எங்கள் சுவருக்குள் பதிந்திருந்த ஸ்டாப் காக் அந்த வகைதான். ஐந்து மீட்டர் குழாய் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த இடத்தில், அந்த ஒரு வால்வே இன்னும் நான்கு மீட்டரைச் சேர்த்து வைத்திருந்தது.

நோட்டில் எழுதிப் பார்த்தபோது கடைசிக் கிளையின் செலவு இப்படிப் பிரிந்தது: ஐந்து மீட்டர் குழாயின் உராய்வு 67 சென்டிமீட்டர், ஸ்டாப் காக் 59, ஐந்து எல்போ 30, வாயிலிருந்து தண்ணீர் வெளியேறும் வேகத்துக்கு 6. தொட்டியிலிருந்து டீ வரை 48. மொத்தம் 2.1 மீட்டர். அளந்தது 2.2. வீட்டு வேலைக்கு இந்தப் பொருத்தம் தாராளமாகப் போதும்.

குழாய் அளவைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெயரில் பெரிய ஏமாற்றம் இருக்கிறது. "அரை அங்குலம்" என்பது ஒரு பெயர். துளையின் அளவு வேறு. எஸ்டிஆர் 11 என்ற சுவர்த் தடிமன் வகை சிபிவிசியில் அரை அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 15.9 மில்லிமீட்டர், சுவர் 1.7, உள்ளே மிஞ்சுவது 12.4. முக்கால் அங்குலத்தில் உள்விட்டம் 18.2. ஒரு அங்குலத்தில் 23.4. ஒன்றேகாலில் 28.5. பிவிசியில் ஷெட்யூல் 40 (இந்த எண் கூடினால் சுவர் தடிக்கும்) அரை அங்குலம் என்றால் உள்விட்டம் 15.8 வரும், அதையே ஷெட்யூல் 80-இல் வாங்கினால் 13.9 ஆகிவிடும். தடித்த குழாய் உறுதியானது என்று வாங்கி வந்து, துளையைக் குறைத்துக்கொள்கிறோம். குறைந்த அழுத்தத்தில் ஓடும் இணைப்புக்கு அந்தத் தடிமன் தேவையே இல்லை. பெயரைப் பார்க்காமல், குழாயின் முனையில் அளவுகோலை வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

12.4-க்கும் 18.2-க்கும் உள்ள வித்தியாசம் ஆறு மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனால் ஒரே அளவு தண்ணீருக்கு உராய்வு ஆறரை மடங்கு குறைகிறது. முக்கால் அங்குலத்திலிருந்து அரைக்கு இறக்கியதில் யாரோ கொஞ்சம் பிளாஸ்டிக் மிச்சப்படுத்தியிருக்கிறார்கள்; அதற்கு விலையாக வீடு இத்தனை ஆண்டுகள் நூல்போன்ற ஷவரில் குளித்திருக்கிறது. எனக்கு இதில் வருத்தம் உண்டு.

முதலில் சுலபமான வேலை: தொட்டியருகே இருந்த பழைய திருகு வால்வை எடுத்துவிட்டு முழுத்துளை பால் வால்வு போட்டேன். 75 விநாடி. கணக்கு சொன்னதும் அந்த அளவுக்குத்தான். பால் வால்வு வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளியே முக்கால் அங்குலம் என்று எழுதியிருக்கும், உள்ளே உருண்டையின் துளை மட்டும் அரை அங்குலத்துக்குச் சற்று மேலே இருக்கும். வால்வைத் திறந்து கண்ணருகே பிடித்து, வெளிச்சத்தை நோக்கிப் பாருங்கள். உள்ளே விளிம்பு எதுவும் தெரியாமல் குழாயைப் போலவே நேராகத் தெரிந்தால் அது முழுத்துளை.

அடுத்தது அந்த ஐந்து மீட்டர். சுவருக்குள் இருக்கும் குழாயை மாற்ற டைல்ஸை உடைக்க வேண்டும் என்றுதான் முதலில் பயந்தேன். வெளிச்சுவர் வழியாகப் புதிய பாதை போட்டால் ஒரே ஒரு துளை போதும் என்று தெரிந்ததும் வேலை எளிதாகிவிட்டது. டீயிலிருந்து முக்கால் அங்குலக் குழாயை வெளிச்சுவரில் நேராக ஓட்டி, மார்பளவு உயரத்தில் சுவரைத் துளைத்து உள்ளே கொண்டுவந்தேன். துளைக்குள் சற்றுப் பெரிய குழாய்த் துண்டு ஒன்றை உறையாக வைத்தேன். வெயிலில் குழாய் நீளும்போது சுவரோடு மோதாமல் இருக்க அது வேண்டும். உள்ளே டைல்ஸின் மேலேயே பால் வால்வு, அங்கிருந்து நேராக ஷவர் வரை. அழகு கொஞ்சம் குறைவுதான். ஆனால் ஒரு கசிவு வந்தால் கண்ணுக்குத் தெரியும், கையால் சரிசெய்யலாம்.

எல்போ ஐந்திலிருந்து மூன்றாகக் குறைந்தது. இரண்டு 45 பாகை எல்போ போட்டால் ஒரு 90 பாகையைவிடத் தடை குறையும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. ஒவ்வொன்றும் 16 விட்ட நீளம், இரண்டு சேர்ந்தால் 32. ஒரே மூலையில் வைத்தால் ஆதாயம் இல்லை. சுவரில் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு விலகிப் போக இரண்டு 90 பாகை எல்போ போட்டிருக்கும் இடத்தில், அவற்றை எடுத்துவிட்டு இரண்டு 45 பாகையைப் போட்டுக் குழாயைச் சாய்வாக ஓட்டினால்தான் தடை பாதியாகும். டீயை வைக்கும் விதமும் முக்கியம். அதிகத் தண்ணீர் போகும் பாதை டீயில் நேராகப் போக வேண்டும், குறைவாகப் போவது பக்கத்தில் திரும்ப வேண்டும். எங்கள் பழைய டீயில் வாஷ் பேசின் நேராகவும் ஷவர் பக்கவாட்டிலும் இருந்தது. திருப்பிப் போட்டேன்.

பழைய அரை அங்குலக் குழாயை டீயின் வாயிலேயே வெட்டி மூடினேன். நீளமாக விட்டு மூடினால் அதற்குள் தண்ணீர் தேங்கிக் கெட்டுப்போகும்.

வெட்டிய துண்டுகளைத் தூக்கி எறியாமல் வைத்துக்கொண்டேன். அவற்றில் ஒரு எல்போவை ஹேக்சா பிளேடால் நெடுக்காக இரண்டாகப் பிளந்து பார்த்தபோதுதான் இன்னொரு உண்மை தெரிந்தது. குழாய் எல்போவுக்குள் போய் உட்காரும் இடத்தில், குழாயை ஒட்டும் சால்வென்ட் சிமெண்ட் உள்ளே வழிந்து, மோதிரம்போல ஒரு வளையமாக இறுகியிருந்தது. அதன் மேல், குழாயை ரம்பத்தால் வெட்டியபோது எழுந்த பிசிறு அப்படியே இருந்தது. அதில் தொட்டியின் மண் படிந்து பழுப்பாகத் தடித்திருந்தது. துளை எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்க்க, துளையிடும் கருவியின் பிட்டுகளை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தேன். 9 மில்லிமீட்டர் பிட் போனது. 10 போகவில்லை. 12.4 மில்லிமீட்டர் துளையில் பரப்பளவு ஏறக்குறைய பாதியாகிவிட்டிருந்தது. இப்படி எத்தனை இணைப்புகளோ.

அதனால் புதிய இணைப்புகளில் கை வேலைக்குக் கணக்கு வேலை அளவுக்கே நேரம் கொடுத்தேன். குழாயை ரம்பத்தால் அறுக்காமல் குழாய் வெட்டியால் செங்குத்தாக வெட்டினேன். வெட்டிய வாயின் உள்விளிம்பைக் கத்தியால் சுற்றிச் சீவி, விரலை விட்டுத் தடவி, பிசிறு தட்டாத வரை விடவில்லை. வெளிவிளிம்பையும் அரத்தால் சற்றுச் சரித்தேன். விளிம்பு கூராக இருந்தால் குழாய் உள்ளே போகும்போது சிமெண்டை வழித்து முன்னால் தள்ளும். சிமெண்டைக் குழாயின் வெளிப்பக்கம் தாராளமாகவும், எல்போவின் உள்பக்கம் மெலிதாகவும் தடவினேன். இது முக்கியம்: எல்போவுக்குள் அதிகம் தடவினால் அதுதான் உள்ளே மோதிரமாகத் திரள்கிறது. கால் சுற்றுத் திருகி, அடிவரை தள்ளி, முப்பது விநாடி விடாமல் பிடித்திருந்தேன். மறுநாள் வரை தண்ணீர் திறக்கவில்லை. மரை உள்ள இணைப்புகளில் டெஃப்லான் டேப்பை மரையின் முதல் சுற்றை விட்டுவிட்டுச் சுற்றினேன், வாயில் தொங்கும் டேப் துண்டு உள்ளே மடங்கிக்கொள்ளாமல் இருக்க.

தண்ணீர் திறந்து, இணைப்புகளைக் காகிதத்தால் ஒற்றிப் பார்த்து, வாளியை வைத்தோம். 38 விநாடி! தம்பி நம்பாமல் இன்னொரு முறை பிடிக்கச் சொன்னான். மறுபடியும் 38. தொட்டி அதே, உயரம் அதே. ஓட்டம் இரண்டு மடங்கு.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் காலையில் பக்கத்துக் குளியலறையிலும் குழாயைத் திறந்தால் எங்கள் ஷவர் மறுபடியும் மெலிந்தது. இரண்டையும் திறந்து வைத்து அளந்தால் ஒரு நிமிடம் ஆனது. காரணம் வெளிப்படையானது. இரண்டு பேருக்கும் பொதுவான 11 மீட்டர் முக்கால் அங்குலக் குழாயில் இப்போது இரட்டிப்புத் தண்ணீர் ஓடுகிறது. தண்ணீர் இரட்டித்தால் இழப்பு நான்கு மடங்கு. முன்பு அரை மீட்டர்கூட எடுக்காத அந்தக் குழாய், இப்போது உயரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது. ஒரு நெரிசலை நீக்கினால் அடுத்த நெரிசல் தலை காட்டும் என்பதை எதிர்பார்த்துத்தான் வேலையில் இறங்க வேண்டும்.

பொதுக் குழாயை ஒரு அங்குலமாக்குவதா, ஒன்றேகாலா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஒருவர் மட்டும் குளித்தால் கணக்குப்படி ஒரு அங்குலத்தில் 29 விநாடி, ஒன்றேகாலில் 26. மூன்று விநாடிக்காகப் பெரிய குழாயா என்று தோன்றும். இரண்டையும் திறந்தால் ஒரு அங்குலத்தில் 39, ஒன்றேகாலில் 31. இந்த எட்டு விநாடிதான் முடிவைச் சொன்னது. பொதுக் குழாயின் அளவை, ஒரே நேரத்தில் எத்தனை வாய்கள் திறக்கும் என்பதைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். தனிக் கிளையை அந்த ஒரு வாய்க்குப் பார்த்தால் போதும். பம்ப் இல்லாமல் உயரத்தை மட்டுமே நம்பி ஓடும் பொதுக் குழாயில் வேகம் விநாடிக்கு ஒரு மீட்டரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது என் வழக்கம். ஒன்றேகால் அங்குலத்தில் இருவர் குளிக்கும்போதும் சரியாக அந்த அளவில் நிற்கிறது.

ஒன்றேகால் அங்குலக் குழாயை மொட்டை மாடியில் போடும்போது ஒரு பிழை நேர்ந்தது. தரையில் குறுக்கே ஓடும் ஒரு திட்டைத் தாண்டுவதற்காகக் குழாயைப் பத்து சென்டிமீட்டர் தூக்கி இறக்கியிருந்தேன். முதல் நாள் நன்றாக ஓடியது. மறுநாள் தொட்டி முக்கால்வாசி காலியானபோது ஷவர் திக்கித் திக்கி விட்டு, பிறகு நின்றே போனது. தொட்டியில் தண்ணீர் இருக்கிறது, வால்வு திறந்திருக்கிறது, குழாயில் தண்ணீர் இல்லை. அந்தத் திட்டின் மேல் வளைவில் காற்று அடைத்துக்கொண்டது. அந்த இடத்தில் தொட்டியின் நீர்மட்டம் குழாயைவிட முப்பது சென்டிமீட்டர்தான் உயரம். அந்தச் சின்ன அழுத்தத்தால் காற்றுக் குமிழைத் தள்ளிக்கொண்டு கீழே போக முடியவில்லை. பம்ப் உள்ள இடத்தில் இது தெரியவே தெரியாது. உயரத்தை மட்டுமே நம்பும் இணைப்பில் ஒரு கையளவு காற்று, மூடிய வால்வுக்குச் சமம்.

திட்டில் ஒரு காடி வெட்டிக் குழாயைத் தாழ்த்தினேன். தொட்டியிலிருந்து இறங்கும் முனை வரை எங்கும் ஏறாமல், ஒரே சீராகச் சரிந்து போகும்படி மட்டம் பார்த்துக் கிளாம்ப் அடித்தேன். தொட்டியின் வால்வைத் தாண்டியதும் ஒரு டீ வைத்து, காற்றுக் குழாய் ஒன்றைத் தொட்டியின் மேல்மட்டத்தைவிட உயரமாக நிறுத்தினேன். அதன் வாயைக் கீழ்நோக்கி வளைத்து, பூச்சி புகாமல் வலை கட்டினேன். அதன் பிறகு ஒரு முறைகூடத் திக்கவில்லை. சிபிவிசி வெயிலைத் தாங்காது என்பதால், வெளியே இருக்கும் குழாய் முழுவதற்கும் நீரில் கரையும் பெயிண்ட் இரண்டு பூச்சு அடித்தேன்.

வெந்நீர்க் குழாயை மட்டும் நான் பெரிதாக்கவில்லை. அரை அங்குலக் குழாய் மீட்டருக்கு 0.12 லிட்டர் தண்ணீரைப் பிடிக்கும்; முக்கால் அங்குலம் 0.26. பெரிதாக்கினால், வெந்நீர் வருவதற்கு முன் இரண்டு மடங்கு குளிர்ந்த நீரைக் கொட்ட வேண்டும். அங்கே வேறொரு குறையைக் கண்டேன். வாட்டர் ஹீட்டரில் மாட்டியிருந்த வளையும் இணைப்புக் குழாயின் வெளிமரை அரை அங்குலம். உள்ளே ரப்பர் துளை 8 மில்லிமீட்டர்தான். எஃகுப் பின்னலுக்குள் அது தெரியாது. அதை எடுத்துவிட்டு 13 மில்லிமீட்டர் துளை உள்ளதை மாட்டியதும் வெந்நீரும் தண்ணீரோடு ஈடுகொடுத்து வர ஆரம்பித்தது. வாங்கும்போது இந்தக் குழாயின் வாயையும் ஒரு முறை பாருங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு எடுத்த அளவு: ஷவர் மட்டும் திறந்தால் 27 விநாடி, இரண்டு குளியலறையும் திறந்தால் 32. முதல் நாள் வீணாகப் பெரிதாக்கிய தொட்டி வாயும் இப்போதுதான் பயன்பட்டது. ஒன்றேகால் அங்குலக் குழாய் அதிலிருந்து நேராகப் புறப்படுகிறது.

மட்டக் குழாயை மறுபடியும் பேசினில் மாட்டிப் பார்த்தேன். டீ வரை இழப்பு முப்பது சென்டிமீட்டருக்குள் இருந்தது. கணக்குப்படி ஷவர் கிளை ஒரு மீட்டரைச் சற்றுத் தாண்டி எடுக்கிறது. மீதி 85 சென்டிமீட்டரை எடுப்பது, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் முப்பது சென்டிமீட்டர் நீளப் பித்தளை ஷவர் கை. அதன் துளை 14 மில்லிமீட்டர், முனையில் ஒரு வளைவு. 16 மீட்டர் பாதையில் முப்பது சென்டிமீட்டர் துண்டு, உயரத்தில் ஐந்தில் இரண்டு பங்கை எடுக்கிறது! அதை மாற்றவில்லை. ஷவர் தலையின் மரை அரை அங்குலம் என்பதால் நெரிசலை முழுதாக நீக்க முடியாது, இந்த ஓட்டமே எங்களுக்குப் போதும்.

பழைய ஷவர் தலையின் வாயில், ரப்பர் வாஷருக்குப் பின்னால், ஓட்டத்தைக் குறைக்கும் ஒரு பிளாஸ்டிக் வில்லை இருந்தது. அதிக அழுத்தம் உள்ள வீடுகளுக்கு அது நல்லது, 0.22 பாருக்கு அது கேடு. குறைந்த அழுத்தத்துக்கென்று செய்த, துளைகள் பெரிதாக உள்ள தலையை வாங்கி மாட்டினேன். 105 விநாடி ஆன வாளி இப்போது 50 விநாடியில் நிறைகிறது. அம்மா பால் வால்வை முக்கால் பங்கு திறந்துதான் குளிக்கிறார். முழுதாகத் திறந்தால் வேகம் அதிகம் என்கிறார்.